போட்டோவுக்கு வெளியே ஒரு மலை வீடு

1

சென்ற இதழில் மலை வீடு பற்றிக் கட்டுரை எழுதியவர் எனக்கும் நண்பர். அவருடைய கவிதைகளில் எனக்கு மதிப்பு உண்டு; அந்தக் கட்டுரையைப் படித்த பிறகும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நம்மிடையே ஒரு அபிப்பிராயத்தை மறுத்தால் ஆளையே மறுத்ததாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். மறுத்தவன் மறுநாள் விரோதி. அடுத்த இதழ் வருவதற்குள் வேறு கோஷ்டி. அந்த அபாயம் தெரிந்தே எழுதுகிறேன்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். நீலகிரியில், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, பஸ் போகாத ஒரு சரிவில் நகரத்து ஆர்க்கிடெக்ட் ஒருவர் கட்டியிருக்கும் வீட்டில் நண்பர் இரண்டு நாள் தங்கினார். இரும்புக் கால்கள் மீது நிற்கும் வீடு. பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம் முழுதும் கண்ணாடி. உள்சுவரில் மண்பூச்சு. கூரையில் சூரியத் தகடுகள், கீழே மழைநீர்த் தொட்டி. வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து போகிறார். நண்பருக்கு இந்த வீடு ஒரு கவிதையாகப் பட்டிருக்கிறது. சொற்சிக்கனம் உள்ள கவிதை, மலைக்குத் தொந்தரவு கொடுக்காத கவிதை என்கிறார். 'சஸ்டெயினபிள்' என்ற சொல்லை 'நிலைபேறுடைய' என்று தமிழாக்கிக் கட்டுரை முழுக்கப் பதினோரு தடவை உபயோகித்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது என் தொழில்.

நான் வங்கி குமாஸ்தா. ஐந்து வருஷமாக அதே மாவட்டத்தில், கோத்தகிரிப் பக்கத்துக் கிளை ஒன்றில், வீட்டுக்கடன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். படித்தது பி.ஏ. ஆங்கிலம். வீடுகள் எனக்குக் கோப்புகளாகத்தான் அறிமுகமாகின்றன. கோப்பு தாழ்ந்த இலக்கிய வடிவம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போட்டோவில் விழாத சில சங்கதிகள் கோப்பில் இருக்கும்: ஸைட் பிளான், பாதையின் அகலம், எஸ்டிமேட், யார் நிலம் யாருக்கு மேலே இருக்கிறது என்பது. நண்பரின் கட்டுரையில் இல்லாதவை இவைதான். அவருடைய நாலு போட்டோக்களும் பள்ளத்தாக்கின் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. வீட்டின் பின்பக்கத்தை வாசகன் ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. மலை வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

2

சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்த ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது தாங்குதல். தாங்கு என்பது நல்ல தமிழ் வினை. அதற்கு எழுவாயும் வேண்டும், செயப்படுபொருளும் வேண்டும். யார் தாங்குகிறார், எதைத் தாங்குகிறார் என்று கேட்காமல் அதை உபயோகிக்க முடியாது. 'நிலைபேறுடைய வீடு' என்று சொன்னதும் இந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது. பெரிய வீடு, சிவப்பு வீடு என்பதுபோல, வீட்டுக்கே சொந்தமான குணமாக அது ஒட்டிக்கொள்கிறது. நான் நண்பரிடம் கேட்பதெல்லாம் இந்த எழுவாயைத்தான்.

இரும்புக் கால்கள் மலையை நாலைந்து இடத்தில் மட்டுமே தொடுகின்றன என்று நண்பர் பரவசப்படுகிறார். அந்தக் கால்கள் எப்படி அங்கே போயின? லாரியில். லாரி போக அகலமான பாதை வேண்டும். திரும்ப இடம் வேண்டும். சரிவில் பாதை என்றால் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் கொட்டுவது. வெட்டுவதற்குப் பொக்லைன். நான் பார்த்த கோப்புகளில் வீட்டின் பரப்பைவிடப் பாதைக்கு வெட்டிய பரப்பு அதிகமாக இருந்தவை பல. வீடு மலையை மெல்லத் தொடுகிறது; வீட்டுக்குப் போகும் வழி மலையின் காலை வெட்டுகிறது. இந்தக் கவிதையின் சொற்சிக்கனம் முன்னுரையைக் கிழித்துப் போட்டதால் வந்த சிக்கனம்.

நீலகிரி மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் இருப்பது மிகப் பழைய கெட்டிப் பாறை. அதன்மேல் அந்தப் பாறையே யுகக்கணக்கான மழையில் இற்றுப்போய்ச் செம்மண்ணாகக் கிடக்கிறது. இடத்துக்கு இடம் பல மீட்டர் ஆழம். காய்ந்திருக்கும்போது இதைச் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். ஏமாற்றுவது இந்த நிற்றல்தான். விடாமல் மழை பெய்யும்போது நீர் மண்ணுக்குள் இறங்கிக் கீழே பாறையில் தட்டி நிற்கிறது; துகள்களுக்கு இடையே நீரழுத்தம் ஏறுகிறது; ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி தளர்கிறது. கீழே அடிமண்ணும் வெட்டப்பட்டிருந்தால் சரிவு உட்கார்ந்துவிடும். தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறோமே என்பார்கள். சுவருக்குப் பின்னால் ஊறும் நீர் வெளியேற வழி விடாத சுவர், மண்ணோடு நீரையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சின்ன ஓட்டைகளை விடுவதற்கு அதிகச் செலவு கிடையாது. ஆனால் சுவரின் அழகு கெடுகிறது என்று மூடச் சொன்னவர்களை நான் அறிவேன்.

2009 நவம்பரில் நீலகிரியில் சில நாள் மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2024 ஜூலை 30 விடிகாலையில், மலையின் அந்தப் பக்கம், வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் 250-க்கும் மேற்பட்ட உயிர்களோடு போயின. வயநாட்டுச் சரிவு மேலே காட்டில் பிறந்தது, அதற்கும் பொக்லைனுக்கும் சம்பந்தமில்லை என்று வாதிக்கலாம். வாதித்துவிட்டுப் போகட்டும். மலை தானாகவே சரியக்கூடிய இடத்தில் நாம் மேலும் வெட்டுவதற்கு அது நியாயம் ஆகாது. இமயத்தில் ஜோஷிமட்டில் கனமான கட்டிடங்கள் கூடாது என்று ஒரு அரசுக் குழு 1976-லேயே எழுதிக் கொடுத்தது. 2023 ஜனவரியில் வீடு வீடாக விரிசல் விட்டபோதுதான் அந்த அறிக்கையைத் தேடி எடுத்தார்கள். கோப்புகளின் விதி அது.

3

நண்பரின் ரசனைக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. அதையும் பார்த்துவிடுவது நல்லது.

இயற்கையோடு இசைந்த நவீன வீடு என்றதும் கட்டிடக்கலை மாணவன் முதலில் சொல்லும் பெயர், அமெரிக்காவில் பென்சில்வேனியா மலைக்காட்டில் ஃப்ராங்க் லாய்ட் ரைட் 1935-ல் வரைந்த ஃபாலிங்வாட்டர். அருவியைப் பார்த்தபடி வீடு வேண்டும் என்று கேட்டவருக்கு ரைட் அருவியின் மேலேயே கட்டிக் கொடுத்தார். மேதைமை, சந்தேகமில்லை. ஆனால் அது பிட்ஸ்பர்க் நகரத்து டிபார்ட்மெண்ட் ஸ்டோர் முதலாளி ஒருவரின் வார விடுமுறை வீடு. கூரை ஒழுகியது. அந்தரத்தில் நீண்ட கான்க்ரீட் தளங்கள் சாரத்தைப் பிரித்ததுமே தொங்க ஆரம்பித்தன. நாளடைவில் 7 அங்குலம் வரை இறங்கின. 2002-ல் உள்ளே இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி நிறுத்தினார்கள். அதைச் சிருஷ்டி என்று ஏற்கிறேன். மாதிரி என்று ஏற்கமாட்டேன். ஒரு மேதை ஒரு பணக்காரருக்காக ஒரு தடவை செய்த சாகசத்தை விதியாக்கினால், ஒவ்வொரு அருவியின் தலையிலும் ஒரு ரிஸார்ட் உட்காரும். உட்கார்ந்துகொண்டும் இருக்கிறது.

இரண்டாவது பெயர் க்ளென் மர்கட். பூமியை மெல்லத் தொடவேண்டும் என்று ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் வாக்காக அவர் சொல்லிவருவதை நண்பர் மேற்கோள் காட்டுகிறார். 2002-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற இந்தக் கலைஞர் தம் நாட்டுக்கு வெளியே கட்டுவதில்லை என்பதை நண்பர் காட்டவில்லை. தமக்குப் பழகிய காற்றும் வெயிலும் மழையும் இருக்கும் இடத்திலேயே கட்டுவது என்பது அவருடைய கலையின் பாதி. மற்ற பாதியான இரும்புக் காலையும் தகரக் கூரையையும் மட்டும் இங்கே இறக்குமதி செய்துகொண்டோம். இலக்கியத்தில் நாம் செய்ததும் இதுதான். எலியட்டின் வடிவத்தை எடுத்துக்கொண்டோம். அந்த வடிவத்தைக் கேட்ட நெருக்கடியை எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த வியாதியைப் பற்றி நண்பரே இந்தப் பத்திரிகையில் காரசாரமாக எழுதியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டார்.

மூன்றாவதாக லடாக் வருகிறது. அங்கே கறுப்பு வண்ணம் பூசிய கனமான சுவருக்கு முன்னால் கண்ணாடி வைத்துப் பகல் வெயிலைச் சுவரில் சேமித்து இரவில் வெதுவெதுப்பாகப் பெறுகிறார்கள். இந்தச் சுவர் 1967-ல் ஃப்ரான்ஸில் பிரனீஸ் மலையில், ஒதேயோ என்ற ஊரில், ஃபெலிக்ஸ் த்ராம்ப் என்பவர் கட்டிக்காட்டியது. லடாக்கில் ஸெக்மால் மாணவர்கள் தங்கள் வளாகத்தில் மண்சுவரையும் வெயிலையும் நம்பியே வெளியே மைனஸ் 20 டிகிரியிலும் வாழ்கிறார்கள். அற்புதமான காரியம். ஆனால் லடாக் பாலைவனம். வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவில்தான் மழை, குளிர்காலத்தில் பளிச்சென்ற வானம். நீலகிரியில் ஜூனிலிருந்து மாதக்கணக்கில் மேகம் வீட்டுக்குள்ளேயே நடமாடும். இங்கே கண்ணாடிச் சுவர் பகலில் சேமிப்பதைவிட இரவில் இழப்பது அதிகம். ஜனவரி உறைபனியில் அந்த வீட்டில் படுத்தால் தெரியும். நண்பர் தங்கியது ஏப்ரலில்.

மாதத்தில் இருபத்தெட்டு நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும். ஆகவே யாராவது திறந்து மூட வேண்டும், ஹீட்டர் போட வேண்டும். நான் போய்ப் பார்த்த இப்படிப்பட்ட வீடுகளில் எல்லாம் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பத்துக்குப் பத்து. அதில் காவல்காரக் குடும்பம். மலையில் வருஷம் முழுக்க வாழ்கிற வீடு அந்தக் கொட்டகைதான். அதை யாரும் டிசைன் செய்யவில்லை.

4

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமல்ல, அது எதை எரிக்கிறது, எதைக் குடிக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் என்று நான் சொன்னால் குமாஸ்தாத்தனம் என்பார்கள். நீலகிரியின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

தோடர்களின் பழைய வீட்டைப் போட்டோவிலாவது எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டிப் புல்வேய்ந்த, பாதி உருளை வடிவ வீடு. வாசல் சுமார் 3 அடி உயரம், தவழ்ந்துதான் போகவேண்டும். நண்பர் இதைப் 'பழங்குடி அழகியல்' என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறார். அழகியல் அல்ல, கணக்கு. உள்ளிருக்கும் இடம் கொஞ்சம், வாசல் சின்னது. ஒரு அடுப்பும் நாலு உடம்புகளும் இருந்தால் இரவு கழிந்துவிடும். கூரைக்கான புல் சதுப்பிலும் புல்வெளியிலும் விளைந்தது. அந்தச் சதுப்புதான் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஓடையாக விடும். கூரையும் குடிநீரும் ஒரே இடத்திலிருந்து வந்தன. புல்லைக் காப்பாற்றாமல் வீட்டைக் காப்பாற்ற முடியாது.

பிறகு கலெக்டர் ஜான் ஸல்லிவன் வந்தார். 1822-ல் உதகையில் கல் பங்களா எழுந்தது. இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. பின்னாலேயே வரிசையாகப் பங்களாக்கள். உயரமான கூரை, பெரிய ஜன்னல், அறைக்கு ஒரு கணப்பு. இங்கிலாந்து வீட்டை அப்படியே தூக்கி வைத்தார்கள். கணப்புக்கு விறகு வேண்டும். சோலைகளை வெட்டினார்கள், போதவில்லை. சீக்கிரம் வளரும் மரம் வேண்டியிருந்தது. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் வாட்டிலும் வந்தன. வெறும் புல்தானே என்று எண்ணிப் புல்வெளிகளில் நட்டார்கள். மரங்கள் பரவின, புல்வெளிகள் சுருங்கின, சதுப்புகள் வற்றின. தோடர் இன்று கூரைப் புல்லைத் தேடி வெகுதூரம் நடக்கவேண்டியிருக்கிறது.

பிந்திய நூற்றாண்டின் காகித ஆலைகளும் அரசுத் தோட்டங்களும் இதில் சேர்ந்துகொண்டன என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஆரம்பத்தில் இருந்தது ஒரு வீட்டு டிசைன். கணப்போடு கூடிய ஒரு அறை மலையின் தாவரத்தையே மாற்றிவிட்டது. பங்களா இன்றும் அழகாக நிற்கிறது. அதுவும் நிலைபேறுடைய வீடுதான், நண்பர் சொல்லும் அர்த்தத்தில்.

5

இந்த இடத்தில் வாசகர் சிலர் தலையாட்ட ஆரம்பித்திருப்பார்கள்: அப்படியானால் பழமைக்குத் திரும்புவோம், மண்ணில் கட்டுவோம். எனக்கு இவர்களிடமும் உடன்பாடு இல்லை.

ஹிமாசலத்தில் தேவதாரு உத்திரங்களை அடுக்கி நடுநடுவே கல் வைத்துச் சாந்தே இல்லாமல் எழுப்பும் காத்-குனி சுவர் இருக்கிறது. பூமி ஆடினால் கற்கள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தைத் தின்றுவிடும். 1905 ஏப்ரல் 4-ல் காங்ரா பூகம்பத்தில் ஏறக்குறைய 20,000 பேர் இறந்தார்கள். மரம் பிணைத்த அந்தச் சுவர்கள் பல நின்றன. ஆனால் இன்று தேவதாருவை நினைத்தபடி வெட்ட முடியாது; வெட்டவும் கூடாது. லடாக்கின் மண்வீடு மழையற்ற வானத்தை நம்பியது. 2010 ஆகஸ்ட் 6-ம் தேதி நள்ளிரவில் லே-யில் வானம் பிளந்தபோது பச்சைச் செங்கல் வீடுகள் கரைந்தன. 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வானமே மாறிக்கொண்டிருக்கும்போது பாட்டன் கட்டினான் என்பது மட்டும் காரணமாக முடியாது. மரபைப் பற்றி இலக்கியத்தில் நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அதைப் பிரதி எடுப்பது ஒன்று, அது எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று.

இதைச் சரியாகச் செய்த ஒருவர் உண்டு. லாரி பேக்கர். பர்மிங்ஹாமில் 1917-ல் பிறந்து, தொழுநோயாளிகளுக்கு இல்லங்கள் கட்ட இந்தியா வந்தவர். 1948-லிருந்து 1963 வரை, டாக்டரான மனைவியோடு, ஹிமாலயத்தில் பித்தோராகர் மலையில் வாழ்ந்தார். படித்த கட்டிடக்கலை அந்த மலையில் செல்லுபடியாகவில்லை. அந்த ஊர்க் கல்தச்சர்களிடமும் மரவேலைக்காரர்களிடமும் கற்றுக்கொண்டார். பிறகு கேரளத்தில் வாகமண், அதன்பின் திருவனந்தபுரம். திருவனந்தபுரத்தில் பித்தோராகர் வீட்டை அவர் கட்டவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே செங்கல் கிடைத்தது, செங்கல்லில் கட்டினார். அதையும் எலிப்பொறிக் கட்டு என்று நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்கிக் கால்வாசிச் செங்கல்லை மிச்சப்படுத்தினார்.

ஒரு நல்ல வீடு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்று காந்தி சொன்னதை பேக்கர் வாழ்நாள் முழுக்க நினைவுகூர்ந்தார். நீலகிரியில் இன்று இந்த ஐந்து மைலை அளந்து பார்ப்போம். ஆற்று மணல் இல்லை. செங்கல் சமவெளியிலிருந்து வருகிறது. கோவைக்கு அருகே தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைக் கிணறு கிணறாகத் தோண்டி, யானைப் பாதையைக் குலைத்த சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. மலையில் 'மண்ணின் நிறத்தோடு' எழுந்த எத்தனை வீடுகளின் மண் அந்தப் பள்ளத்தாக்குடையதோ. சிமெண்டும் கம்பியும் எங்கிருந்தோ வருகின்றன. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டினுடையது.

ஐந்து மைலுக்குள் ஏராளமாக இருப்பது ஒன்றுதான்: வெள்ளைக்காரனின் கணப்புக்காக வந்த அதே வாட்டிலும் கற்பூர மரமும். 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. இவற்றை வெட்டினால் மலைக்கு லாபம். முறுக்கிக்கொள்ளும், பிளக்கும், பதப்படுத்தாவிட்டால் பூச்சி தின்னும் என்பது உண்மை. அந்தச் சிரமத்தோடு மல்லுக்கட்டுவதுதான் இன்றைய ஆர்க்கிடெக்டின் வேலை. ஒரு கூரையின் உத்திரங்கள் வாட்டிலாக இருந்து, அது வெட்டப்பட்ட இடத்தில் புல் திரும்பி வருமானால், அந்த வீட்டை நான் நவீனம் என்பேன். அது எந்தப் போட்டோவிலும் தெரியாது.

6

எதிர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறான் என்ற பழிக்கு இடம் வைக்க விரும்பவில்லை. என்ன மாதிரி வீடு என்று கேட்டால், என் மேஜையிலிருந்து தெரிகிற வரைக்கும் சொல்கிறேன்.

முதலில், எங்கே கூடாது என்பது. முகட்டில் கூடாது, காற்று. சதுப்பில் கூடாது, அது எல்லோருடைய தண்ணீர். ஓடையின் மேல் கூடாது, கோடையில் அது காய்ந்திருந்தாலும். வீடு சரிவின் குறுக்கே ஒடுங்கி, சமமட்டக் கோட்டை ஒட்டி நீளட்டும். தரையைச் சமமாக்க மலையை வெட்டுவதைவிட, தரையே படி இறங்கட்டும். கூரை சாய்ந்து, இறவாரம் நீண்டு, ஓட்டுக்கு அடியில் பலகை மச்சும் நடுவில் காற்றும் இருக்கட்டும். கான்க்ரீட் தளம் இரவில் குளிர்ந்து உள்ளே வியர்க்கும். ஜன்னல் சின்னதாகக் காலை வெயிலைப் பார்க்கட்டும். காட்சி வேண்டுமென்றால் வெளியே வந்து நின்று பார்த்துக்கொள்ளலாம். மலை எங்கும் போகாது.

தண்ணீர் விஷயத்தில் நல்ல எண்ணமே ஆபத்தாகும். 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சென்னைக்கு அது புண்ணியம். வெட்டிய சரிவின் தலையில் உறிஞ்சுகுழி தோண்டி நீரை இறக்குவது, சரிவை நாமே ஊற வைப்பது. செப்டிக் டேங்கின் கழிவுநீரும் அங்கேதான் இறங்குகிறது. கூரை நீரைப் பிடித்துத் தொட்டியில் வைக்கலாம். மிஞ்சுவதைக் கல்பாவிய வாய்க்காலில் இயற்கையான ஓடை வரை கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நண்பர் சிலாகித்த மழைநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் எங்கே போகிறது? கட்டுரையில் பதில் இல்லை.

கடைசியாக, மிக முக்கியமாக, தனி வீடு என்ற எண்ணம். படகர்களின் ஹட்டியைப் பாருங்கள். முகட்டுக்குச் சற்றுக் கீழே, சரிவை ஒட்டி, ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக வீடுகள்; முன்னால் எல்லோருக்கும் பொதுவான ஒரு முற்றம். கல்லும் மண்ணுமான சுவர், ஓடு. இதன் கணக்கு எளிது. இருபது வீட்டுக்கு மலையில் ஒரே ஒரு வெட்டு, ஒரு பாதை, ஒரு வாய்க்கால். பக்கச் சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது, ஆகவே குளிர் உள்ளே வர இரண்டு பக்கம்தான் பாக்கி. அடுத்த வீட்டு அடுப்பின் சூடு என் சுவருக்கும் வருகிறது. மலையின் மீது சுமையைக் குறைக்க மனிதன் கண்டுபிடித்ததில் இதைவிட மேலானதை நான் பார்த்ததில்லை. இதில் தனிமை இல்லை, அந்தரங்கம் இல்லை, சாதிக் கட்டு உண்டு, சண்டை உண்டு. எல்லாம் தெரியும். அப்படியே திரும்பக் கட்டு என்று சொல்லவில்லை. சரிவில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு வீட்டை, அது எத்தனை சூரியத் தகடு போட்டுக்கொண்டாலும், சிக்கனம் என்று அழைக்காதே என்கிறேன்.

7

இவ்வளவு பேசுகிறவன் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரே மாதத்தில் இரண்டு கோப்புகள் என் மேஜைக்கு வந்தன. ஒன்று, நண்பர் தங்கியதைப் போன்ற ஒரு மலை வீடு, அதுவே அல்ல. வீட்டுக்காரர் ஊரில் இல்லாதவர். பிளான் அழகாக அச்சிட்டு வந்திருந்தது. எல்லாக் காகிதங்களும் இருந்தன. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற ஒரு சான்றுகூட இணைத்திருந்தார்கள். பன்னிரண்டு நாளில் கடன் கிடைத்தது.

இன்னொன்று, அந்த நிலத்துக்குக் கீழே இருக்கும் ஹட்டியிலிருந்து ஒரு பெரியவருடையது. வரிசை வீட்டில் அவர் பங்கின் பின்சுவர் சாய்ந்திருந்தது; இடித்துக் கட்டவும் ஓடு மாற்றவும் இரண்டு லட்சம் கேட்டார். கூட்டுப் பட்டா. இரண்டு பக்கச் சுவரும் பொதுச் சுவர். ஆகவே நான்கு எல்லை எழுத முடியவில்லை. மதிப்பீட்டாளர் 'மண்சாந்துக் கட்டுமானம், மீதி ஆயுள் இல்லை' என்று எழுதிவிட்டார். நூறு வருஷம் நின்ற வீட்டுக்கு ஆயுள் இல்லை. எங்கள் படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்பதுதான் அர்த்தம். மறுப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில் வரைந்தவன் நான். மேனேஜர் வாசித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். என் பி.ஏ. அந்தக் கிளையில் பாராட்டுப் பெற்றது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வடகிழக்கு மழையில், மேலே பாதைக்கு வெட்டிய இடத்திலிருந்து மண் இறங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, பேப்பரில் வருமளவுக்கு இல்லை. பெரியவரின் பின்சுவர் இரவில் உள்ளே விழுந்தது. குளிருக்காக எல்லோரும் முன்னறையில் அடுப்போரம் படுத்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கழித்துப் பென்ஷன் எடுக்க வந்தார். நானாகவே கேட்டேன். சொன்னார். பிறகு, கோபமே இல்லாமல், "மேல் வீட்டுக்குக் கொடுத்தீங்க ஸார், கீழ் வீட்டுக்குத்தான் கொடுக்கலை" என்றார். பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பதும் இருக்கிறது. நண்பரின் பதினோரு 'நிலைபேறு'களில் அது இல்லை. என் கடிதத்திலும் இல்லை.

நண்பர் மழை முடிவதற்குள் இன்னொரு தடவை அந்த வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். போகட்டும். இந்தத் தடவை பின்பக்கம் போய்த் தடுப்புச் சுவரைப் பார்க்கட்டும். அதில் ஓட்டைகள் இருக்கின்றனவா, நீர் வருகிறதா என்று பார்க்கட்டும். வந்தால், அது போகும் வழியிலேயே கீழே இறங்கட்டும். முக்கால் மணி நேரம் நடந்தால் ஒரு முற்றம் வரும். அங்கிருந்து மேலே திரும்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால், அடுத்த இதழில் ஆசிரியர் போடுவார் என்று நம்புகிறேன்.